தொட்டால் போ

அக்கா,

இன்று காலை முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தேன். மகள் படியேறி வரும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு, யன்னலைத் திறக்கச் சொல்லி டெனிஷில் கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே தைலத்தை முதல்முதல் உங்கள் கெண்டைக்காலில் பூசியபோது நீங்களும் இப்படித்தான் கத்தினீர்கள். "இது நோவுக்குப் பூசுறதோ, ஆக்களைக் கலைக்கப் பூசுறதோ?" என்று கேட்டீர்கள். அடுத்த கிழமை நீங்களே காலை நீட்டிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தீர்கள். பிறகு போத்தல் முடிந்த போதெல்லாம், கொழும்பிலிருந்து வரும் ஆட்களிடம் சொல்லி எடுப்பித்துத் தா என்று என்னை அரித்தெடுத்தீர்கள்.

தைலம் காயமுதல் பேனையை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் என்ன? அங்கே யாராவது எங்கட ஆளைப் பிடித்து வாசிப்பியுங்கோ. எங்கட சனம் இல்லாத இடமும் இருக்கிறதா?

நாங்கள் ஹேர்னிங்குக்கு வந்த புதிது. என் மனுசருக்கு முதலில் வேலை கிடைத்தது, பிறகு எனக்கு. பின்னலாடைத் தொழிற்சாலை. நான் ஓவர்லொக் மெஷினில் கம்பளிச் சட்டைகளின் கைகளைப் பொருத்துவேன். எனக்குப் பின்னால் நீங்கள் ஆவி பறக்கும் ஸ்திரிக்கைப் பெட்டியோடு நிற்பீர்கள். முதல் நாளே தையல் கோணிப்போன ஒரு கையை என் மேசையில் போட்டு, "இது ஆருக்கு? கை வளைஞ்ச ஆளுக்கோ?" என்றீர்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார் இவளின் வாயை என்று மனதுக்குள் திட்டினேன். மத்தியானம் அதே நீங்கள், நீங்கள் சுட்ட அப்பிள் கேக்கில் பாதியை வெட்டி என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனீர்கள்.

டென்மார்க்கில் முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கோ என்னைவிட இருபது வயது மூத்த மனுசியைப் பேர் சொல்ல வாய் வரவில்லை. அக்கா என்றேன். அர்த்தம் கேட்டீர்கள், சொன்னேன். "எனக்குக் கூடப்பிறந்தது ஒண்டுமில்லை. சரி, கூப்பிடு," என்றீர்கள். ஒரு மாதம் போகவில்லை, துணி வெட்டுகிற பகுதியில் நின்ற டெனிஷ்காரப் பொடியன்களும் உங்களை அக்கா, அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் உண்மைப் பேர் என்று நினைத்துவிட்டார்கள் போல.

உங்களுடைய டெனிஷ் முப்பது வருடம் பேசியும், நீங்கள் பிறந்த ஹங்கேரிப் பக்கம் சாய்ந்தபடியே நின்றது. என்னுடையது பின்னேர வகுப்பில் பொறுக்கிச் சேர்த்தது. இரண்டு அரைகுறைகளும் சேர்ந்து எவ்வளவு கதைத்தோம்! நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு இப்போது எங்கட தமிழிலேயே காதில் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

அந்த வருடம் நவம்பரில், செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்களின் திருநாளுக்கு, உங்களைக் கத்தோலிக்கக் கோயிலில் கண்டேன். நீங்களும் வேதக்காரி என்று அதுவரை எனக்குத் தெரியாது. டெனிஷ்காரருக்கு அந்த நாள் பெரிய நாள் இல்லை. சொந்தக் கல்லறைகளை எங்கேயோ விட்டுவிட்டு வந்த நாங்கள்தான், வியட்நாம்காரர், போலந்துக்காரர், யாழ்ப்பாணத்தார் என்று, கோயில் மூலையில் மெழுகுதிரி கொளுத்த வரிசையில் நிற்போம். நீங்கள் ஒரு திரி கொளுத்தினீர்கள். "அம்மாவுக்கு," என்றீர்கள்.

"அப்பா இருக்கிறாரோ?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது, தெரியும்தானே.

"செத்திட்டார்."

"அப்ப அவருக்கு?"

"அவருக்கு இல்லை," என்றீர்கள். வெளியே வந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டே, "நான் வெளிக்கிட்டு வந்தது அவருக்கு விருப்பமில்லை. கடைசி நிமிசத்திலயும் என்னைப் பிடிச்சு இழுக்கப் பாத்தவர். விருப்பமில்லாமல் விட்ட மனுசனுக்கு நான் இஞ்சை நிண்டு என்ன திரி கொளுத்துறது?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நீங்களாகத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். தேநீர் இடைவேளையில் வெப்பக்குழாய்க்குப் பக்கத்து வாங்கில் இருந்துகொண்டு, ரூப்ரோட் என்கிற கறுப்புப் பாணைக் கடித்துக் கடித்து. அப்பாவில் கோபமாம், ஆனால் அவருடைய ஓட்டத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பாண் கையிலேயே காய்ந்துவிடும்.

உங்கள் அப்பா புடாபெஸ்டில் ஒரு தையல்காரரிடம் தொழில் பழகியவர். தைத்த கோட்டுகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. கோட்டு கசங்கக்கூடாது, நேரமும் பிந்தக்கூடாது. கையை உயர்த்திக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ட்ராமுக்கு முன்னால் ஓடுவாராம். ட்ராமில் இருந்த ஒரு கனவான், அடுத்த தரிப்பிடத்திலும் அதே பொடியன் கோட்டோடு முன்னால் நிற்பதைப் பார்த்து இறங்கிவிட்டார். அவர் ஓட்டக் கழகத்துக்காரர். இப்படித்தான் உங்கள் அப்பா தடத்தில் காலை வைத்தார். அந்தக் கழகத்தார் எல்லோருக்கும் முழங்கால்வரை நீண்ட காற்சட்டை தைத்துக் கொடுத்ததும் அவர்தானாம். "ஓடத் தெரிஞ்சதால எடுத்தவையோ, தைக்கத் தெரிஞ்சதால எடுத்தவையோ தெரியாது எண்டு அப்பா சொல்லுவார்," என்று நீங்கள் சிரித்தீர்கள்.

தடம் என்றால் இப்போது உள்ள சிவப்பு ரப்பர் தடமா? நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி உருளை போட்டு இறுக்கியது. விழுந்தால் முழங்கால் தோலோடு சாம்பலும் உள்ளே போய்விடும். புறப்படும் இடத்தில் காலை ஊன்ற ஒன்றுமில்லை. ஓட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு சின்ன மண்கரண்டி கொண்டுவந்து தன் தன் காலுக்குக் குழி தோண்டிக்கொள்ள வேண்டும். உங்கள் அப்பா ஓடி முடித்து மூச்சு வாங்கியபடியே திரும்பிப் போய்த் தன் குழியை மூடிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாராம். எங்கள் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் பெருவிரலால் குழி கிண்டித்தான் நிற்போம், வெறுங்காலோடு, என்று நான் சொன்னபோது நீங்கள் என் முதுகில் ஒரு அடி போட்டீர்கள். "நீ ஓடினனியோ? ஏனடி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றீர்கள்.

நானூறு மீற்றர்தான் அவருடைய ஓட்டம். ஒரு சுற்று. ஹங்கேரியில் அவரைப் பிடிக்க ஆளில்லாத காலம் ஒன்று இருந்திருக்கிறது. ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்குக்கும் எடுபட்டார். போகிற வழியில் கொப்பன்ஹேகனில் இறங்கி, அங்கே ஒரு சிநேகப் போட்டியில் ஓடினாராம். கப்பல் ஆட்டத்தில் வயிறு கலங்கிக் கடைசியாக வந்தார். கடைசியாக வந்தவருக்கும் சனம் எழும்பிக் கை தட்டியதாம். "டென்மார்க் எண்டா அவருக்கு அதுதான். தோத்தவனுக்கும் கை தட்டுற ஊர்," என்றீர்கள். பிறகு ஸ்டொக்ஹோமில் கடைசி வளைவுவரைக்கும் முன்னுக்கு நின்று, நேர்க்கோட்டில் மூன்றாவதாகிவிட்டார். முதல் இரண்டு பேருக்குத்தான் அடுத்த சுற்று. "இரண்டு பேரின்ரை முதுகையும் வடிவாப் பாத்தனான், நல்ல தையல் இல்லை" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தாராம்.

அதற்கடுத்த ஒலிம்பிக்கில் பார்க்கலாம் என்று இருந்தவருக்கு அடுத்த ஒலிம்பிக்கே வரவில்லை. முதலாம் உலக யுத்தம் வந்தது. கார்பாத்திய மலைப் பனியில் இடது காலின் விரல்கள் செத்துப்போய் வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்து ஒரு நாள், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தச் சாம்பல் தடத்தில் ஓடிப் பார்த்திருக்கிறார். நேர்க்கோட்டில் சரி. வளைவில் கால் மண்ணைப் பிடிக்கவில்லையாம். அந்த வளைவிலேயே இருந்து சப்பாத்தைக் கழற்றினார் என்றீர்கள். அதோடு முடிந்தது. மனுசனுக்கு அப்போது முப்பது வயதும் இல்லை. இதைச் சொன்ன நாளில் நாங்கள் இரண்டு பேரும் மணி அடித்தும் எழும்பவில்லை. சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டார்.

பிறகு துப்பாக்கி சுட்டு ஓட்டத்தைத் தொடக்கிவைக்கிற வேலை பார்த்தார். அதற்குப் பிறகு அதே மைதானத்தின் காவலாளி. குழியை மூடாமல் போகிறவர்களைக் கெட்ட வார்த்தையால் ஏசிக்கொண்டு, தானே மூடிக்கொண்டு திரிந்தார். வயது போன பிறகுதான் கலியாணம், பிறகு நீங்கள் ஒரே பிள்ளை. அடுத்த யுத்தத்தில் அம்மா போய்விட்டார். மைதானத்து மூலையில் இரண்டு அறை வீட்டில் நீங்களும் அவரும். அவரிடமிருந்து கொண்டுவந்தது என்று உங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். ஒருவன் ஓடி வருகிறான், உங்கள் அப்பா நின்றபடி பின்னுக்குக் கையை நீட்டுகிறார், இரண்டு பேரின் கையும் வெறுங்கை. "கைக்குக் கை தடி மாத்தேக்க விழுந்து தோத்த அஞ்சல் ஓட்டம்," என்று எனக்குக் காட்டினீர்கள். "இவ்வளவு ஓட்டம் வெண்ட மனுசன் தோத்த படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைச்சவர், விசரன்," என்றீர்கள்.

இளவேனில் தொடங்கும்போது புடாபெஸ்டிலிருந்து உங்கள் சித்தியின் மகன் செய்தி அனுப்பினார். அங்கே கல்லறைக்கு இருபத்தைந்து வருடம்தான் தவணை. அதற்குப் பிறகு சொந்தக்காரர் வந்து புதுப்பிக்காவிட்டால் கல்லைக் கிளப்பி இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் அப்பாவின் தவணை அந்த வருடக் கடைசியோடு முடிகிறது. பெற்ற பிள்ளை நீங்கள்தான், நீங்கள்தான் வரவேண்டும் என்று கேட்டிருந்தார்.

"போங்கோவன் அக்கா. உங்களிட்டை டெனிஷ் பாஸ்போர்ட் இருக்கு, ஆர் மறிக்கிறது?" என்றேன்.

"என்னை அவர் விட்டவர் எண்டாப் போகலாம். விடாத மனுசனிட்டை எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

"இதென்ன கதை! செத்த மனுசனோட சண்டையோ?"

"நீ சட்டையைத் தை," என்றீர்கள்.

கோடையில் ஊர்த் தொழிற்சாலைகளுக்கிடையில் விளையாட்டுப் போட்டி வந்தது. பெண்கள் அஞ்சல் ஓட்டத்துக்கு எங்கள் தொழிற்சாலையில் ஆள் போதவில்லை. வெட்டுகிற பகுதிப் பெட்டை ஒருத்தி, பொதி செய்கிற இடத்தில் ஒருத்தி, நான். நாலாவது ஆளாக நீங்கள் கையை உயர்த்தினீர்கள். "பள்ளிக்கூடத்தில கடைசி ஓட்டம் எப்பவும் நான்தான்," என்றீர்கள். ஐம்பது வயதில்!

வீட்டில் சொன்னேன். என் மனுசர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "உமக்கென்ன விசரே? இரண்டு பிள்ளை பெத்த மனுசி காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடப்போறீரோ? சனம் என்ன கதைக்கும்?"

"என்ன சனம்? ஹேர்னிங்கில மொத்தம் இருக்கிறதே பத்துக் குடும்பம். அதுகளும் வந்து கை தட்டட்டும்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சப்பாத்து வாங்கித் தந்ததும் அவர்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை முற்றத்தில் பழகினோம். நூல் சுற்றி வருகிற மட்டைக்குழல்தான் எங்கள் தடி. நீங்கள் பள்ளிக்கூடச் சட்டம்பியார் மாதிரிச் சொல்லித் தந்தீர்கள். வாங்குகிறவள் பின்னுக்குக் கையை நீட்டிக்கொண்டு முன்னுக்கு மட்டும் பார்க்க வேண்டும். திரும்பக் கூடாது. கொடுக்கிறவள்தான் கத்த வேண்டும். கத்தின உடனே வாங்குகிறவள் பறக்க வேண்டும். ஒருநாள் நான் ஓடி வந்து, இளைப்பில் கத்த மறந்து, குழலை உங்கள் உள்ளங்கையில் வைத்தேன். நீங்கள் அசையவில்லை. பிறகு திரும்பிப் பார்த்து, "ஏன் கத்தேல்லை? ஏன் சத்தம் போடேல்லை?" என்று கத்தினீர்கள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு மட்டைக்குழலுக்கு இவ்வளவு கோபமா என்று நான் பயந்துபோனேன்.

அன்றைக்குத்தான் அந்தப் புகையிரத நிலையத்தைச் சொன்னீர்கள். ஐம்பத்தாறாம் ஆண்டு. தெருவில் ரஷ்யாக்காரரின் யுத்தத் தாங்கிகள். நீங்கள் வேலை செய்த இடத்துப் பிள்ளைகளோடு துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தீர்கள், பொலிஸ் உங்களைத் தேடத் தொடங்கிவிட்டது. எல்லைப் பக்கம் போகிற ரயிலுக்கு அப்பா உங்களை விடியப்புறம் கூட்டிக்கொண்டு வந்தார். மேடையில் பொலிஸ் நின்றது. யாரும் யாரையும் கட்டிப் பிடிக்க முடியாது, அழ முடியாது. பக்கத்து ஊருக்குப் போகிறவள் மாதிரிப் போக வேண்டும். நீங்கள் நாலடி முன்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, கையைச் சற்றே பின்னால் விட்டுக்கொண்டு நின்றீர்கள். ஓட்டக்காரனின் பிள்ளை, ஓட்டக்காரனுக்கு விளங்கும் என்று. ஒரு சொல் சொல்லுவார், "போ" என்று ஒரு சொல், அது கேட்டதும் ஏறுவேன் என்று நின்றீர்கள்.

"அவர் சத்தமே போடேல்லை. விரலால என்ரை கையில பிடிச்சார். இழுக்கப் பாத்தார் எண்டு விளங்கிச்சுது. கையை உதறிப்போட்டு ஏறிட்டன். திரும்பிப் பாக்கேல்லை," என்றீர்கள். "பேந்து வந்த கடிதங்களில மழை பெய்யுது, வெயில் அடிக்குது எண்டு மட்டும்தான். கடிதம் எல்லாத்தையும் உடைச்சுப் பாக்கிற காலம், வேற என்னத்தை எழுதுறது? அப்பிடியே செத்தும் போனார்."

உங்களைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். நான் வெளிக்கிடும்போது என் அப்பாவும்தான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வழியில் தண்ணி குடுத்துக்கொண்டு போ என்றதோடு சரி.

போட்டி நாளன்று நல்ல வெயில். டெனிஷ்காரர் கோப்பி கொண்டுவந்தார்கள், கேக் கொண்டுவந்தார்கள், பெட்டி பெட்டியாகப் பியர் கொண்டுவந்தார்கள். அஞ்சல் தடிகளை மட்டும் மறந்துவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் மட்டைக்குழல் மலையாகக் குவிந்து கிடந்தது, மைதானத்தில் ஒன்றுகூட இல்லை. ஒருவன் பியர்ப் போத்தலோடு ஓடலாம் என்றான். அப்போதுதான் நேரம் பார்க்க வந்திருந்த கிழவர், தொப்பியும் கழுத்தில் கடிகாரமுமாக, கையை உயர்த்தினார்.

"தடி எல்லாம் பிறகு வந்தது. என்ரை அப்பா ஓடின காலத்தில தடியே இல்லை. வாறவன் நிக்கிறவன்ரை கையைத் தொட்டாச் சரி. தொட்டால் போ. அப்பிடி ஓடுங்கோ."

எல்லோரும் சரி சரி என்றார்கள். நீங்கள் மட்டும் அவருக்கு முன்னால் போய் நின்றீர்கள். "கத்துறேல்லையோ?" என்று கேட்டீர்கள்.

"ஏன் கத்துறது? கை பட்டாத் தெரியாதோ?"

"தொட்டவர் என்ன செய்வார்?"

கிழவருக்கு இது என்ன கேள்வி என்றிருந்தது. "என்ன செய்யிறது? அதில நிண்டிடுவார். அவரின்ரை ஓட்டம் முடிஞ்சுதுதானே," என்றார்.

நான் மூன்றாவது ஆள். எனக்கு முன்னால் ஓடியவள் நல்ல முந்தல் எடுத்துத் தந்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு ஓடுகிறேன். மூச்சு நெஞ்சைக் கிழிக்கிறது. என் மனுசர் மைதானத்து ஓரத்தில் நின்று, எந்தச் சனத்துக்குப் பயந்தாரோ அந்தச் சனத்துக்கு முன்னால், "விடாதை! விடாதை!" என்று தமிழில் கத்துகிறார். நாங்கள்தான் முதலாவது. நீங்கள் கையைப் பின்னுக்கு நீட்டிக்கொண்டு முன்னுக்குப் பார்த்தபடி நிற்கிறீர்கள். வந்தேன், உங்கள் உள்ளங்கையைத் தொட்டேன், நின்றேன்.

நீங்கள் ஓடவில்லை. கையை முன்னால் கொண்டுவந்து பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எங்கள் தொழிற்சாலை முழுக்க ஓடு ஓடு என்று டெனிஷில் கத்துகிறது. பக்கத்தால் ஒருத்தி போனாள், இன்னொருத்தி போனாள், எல்லோரும் போய்விட்டார்கள். "அக்கா, ஓடுங்கோ!" என்று நானும் கத்தினேன். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. பிறகுதான் ஓடத் தொடங்கினீர்கள். மற்றவர்கள் எல்லோரும் ஓடி முடித்து நின்றார்கள். மைதானத்தில் நீங்கள் ஒரு ஆள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அப்பா சொன்னது பொய்யில்லை. அவ்வளவு சனமும் எழும்பிக் கை தட்டியது.

உடுப்பு மாற்றுகிற கொட்டிலுக்குப் பின்னால் உங்கள் காலுக்குத் தைலம் தேய்த்தேன். அப்போது சொன்னீர்கள்:

"அப்பா என்னைப் பிடிச்சு இழுக்கேல்லை. தொட்டவர். அவரின்ரை காலத்தில அப்பிடித்தான். நான் பள்ளிக்கூடத்தில பழகின முறையை வைச்சுக்கொண்டு முப்பது வருசம் சத்தம் வரேல்லை, சத்தம் வரேல்லை எண்டு இருந்திட்டன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மேசையில் வைத்து, "பார், தடி விழேல்லை. தடியே இல்லை. இது வெண்ட ஓட்டம்," என்றீர்கள். என் மனுசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஓம் அக்கா. தடி விழுந்திருந்தா ஆக்களின்ரை கண் நிலத்தை எல்லே பாக்கும்? இவை ஆரும் கீழ பாக்கேல்லை," என்றார். அவர் சொன்ன புத்தியான கதைகளில் அது ஒன்று. நீங்கள் எழும்பி அவருடைய நெற்றியில் ஒரு முத்தம் கொஞ்சினீர்கள். மனுசர் வெட்கத்தில் குசினிக்குள் ஓடிவிட்டார்.

உண்மையாகவே அந்த மேடையில் உங்கள் அப்பாவின் மனதில் என்ன இருந்தது என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? நான் அன்றைக்கே அதை யோசித்தேன், வாய் திறக்கவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மறிக்க நினைக்கிற மனுசன் விடியப்புறம் எழும்பிப் பிள்ளையை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவானா? நீங்கள் நவம்பருக்கு ரயில் பதிவு செய்தீர்கள்.

இதற்கிடையில் என் தலையில் இடி விழுந்தது. புரட்டாதியில் லண்டனிலிருந்து அண்ணை தொலைபேசி எடுத்தார். அப்பா போய்விட்டார். வருத்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, இரவு படுத்தவர் எழும்பவில்லை. ஊரில் அப்போது ஆமி ஹெலிகொப்டரிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தது. கோயில் மணி அடிக்க முடியவில்லை, பங்குச் சுவாமியாரால் வர முடியவில்லை, பூசை இல்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்குப் போக வழியில்லை. அகதிக்கு எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்குப் போக முடியாது.

நீங்கள் ஒரு பெரிய சட்டி நிறைய இறைச்சிச் சூப்போடு வந்தீர்கள். செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் இருந்து, "உன்ரை அப்பாவின்ரை பேர் என்ன? ஆறுதலாச் சொல்லு," என்றீர்கள்.

"சூசைப்பிள்ளை."

சொல்லிப் பார்த்தீர்கள். வரவில்லை. மறுபடியும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாதமாக ஸ்திரிக்கைப் பெட்டி ஆவி விடுகிற சத்தத்துக்கு நடுவில் உங்கள் வாய் அந்தப் பேரைத்தான் பாடமாக்கிக்கொண்டிருந்தது. எதற்கென்று கேட்டேன். "உனக்கென்ன, தை," என்றீர்கள்.

புடாபெஸ்டிலிருந்து வந்த அன்றே வேலைக்கு வந்தீர்கள். தேநீர் மணி அடிக்கும்வரை ஸ்திரிக்கை போட்டீர்கள். பிறகு அதே வாங்கில் இருந்து சொன்னீர்கள். கல்லறை கிளப்பப்படாமல் இருந்ததாம். இன்னும் இருபத்தைந்து வருடத்துக்குக் கையெழுத்து வைத்தீர்களாம். கல்லுக்கு முன்னால் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. கல்லில கையை வைச்சன். பேந்து எடுத்திட்டன்."

அதற்குப் பிறகு அந்த ஊர்க் கோயில் பூசையைச் சொன்னீர்கள். ஆத்துமாக்களின் திருநாளில் அந்த வருடம் கேட்டுக்கொண்டவர்களின் பேர்களைச் சுவாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பாராம். பேர் வாசிக்கும்போது அந்த ஆளின் சொந்தக்காரர் எழும்பி நிற்க வேண்டும், அடுத்த பேர் வந்ததும் திரும்ப வாங்கில் இருந்துவிட வேண்டும். உங்கள் அப்பாவின் பேர் வந்தது. எழும்பினீர்கள். அதற்கடுத்ததாகச் சுவாமியார் தடுமாறினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படி ஒரு பேரை அந்தக் கோயில் அதுவரை கேட்டிருக்காது. துண்டு துண்டாக உடைத்து ஒருமாதிரி வாசித்து முடித்தார். சனம் ஆர் எழும்புகிறது என்று சுற்றிப் பார்த்ததாம்.

"உன்ரை அப்பாவுக்கும் ஆரோ ஒராள் நிக்கத்தானே வேணும்," என்றீர்கள். "நான் இருக்கேல்லை. நிண்ட படியே நிண்டிட்டன்."

அக்கா, என் அப்பாவுக்கு ஊரில் மணி அடிக்கவில்லை, பூசை வைக்கவில்லை. அவர் பேரைச் சுவாமியார் ஒருவர் பீடத்தில் நின்று வாசித்ததும், அதற்கு ஒரு உயிர் எழும்பி நின்றதும் அந்த ஒரு இடத்தில்தான். அவர் கேள்வியேபடாத ஊரில், அவர் முகம் தெரியாத ஒரு மனுசி. இதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லவேயில்லை. அன்றைக்கு அழுதுகொண்டு போய்ச் சட்டைகளுக்குக் கை பொருத்தினேன்.

நீங்களும் கண்ணை மூடின பிறகு வந்த முதல் நவம்பரில் எங்கள் சுவாமியாரிடம் போனேன். இப்போது இருப்பவர் போலந்துக்காரர், நல்ல பிள்ளை. புடாபெஸ்ட் கோயில் வழக்கத்தைச் சொல்லி, இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். ஓம் என்றார். வருடா வருடம் நடக்கிறது. நான் மூன்று பேர் கொடுக்கிறேன்: உங்களுடையது, உங்கள் அப்பாவுடையது, என் அப்பாவுடையது. இரண்டு ஹங்கேரிப் பேரையும் அவர் ஒருமாதிரிச் சமாளித்துவிடுவார். சூசைப்பிள்ளையில்தான் விழுந்தெழும்புவார். உங்களுக்குப் பிள்ளை இல்லை, உங்கள் அப்பாவுக்கு உங்களை விட்டால் ஆளில்லை, அதனால் நானே எழும்பி நிற்கிறேன். என் மகள் பக்கத்தில் இருந்து, "இருங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்," என்று டெனிஷில் என் கையைப் பிடித்து இழுப்பாள்.

மூன்று பேரையும் வாசித்து முடியும்வரை நான் வாங்கில் இருக்கிறதில்லை, அக்கா.